ஆறாம் பாடத்துச் சான்றிதழ்

உத்திரமேரூர் பஜார் வீதியில், மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில், வேதகிரி இன்டர்நேஷனல் ஐ.டி. அகாடமி இருந்தது. இன்டர்நேஷனல் என்பதற்கு அத்தாட்சியாகச் சுவரில் நான்கு கடிகாரங்கள். அடியில் லண்டன், நியூயார்க், டோக்கியோ, உத்திரமேரூர் என்று எழுதியிருக்கும். அவற்றில் லண்டன் மட்டும் ஓடியது. உத்திரமேரூர் நேரம் வேண்டியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டார்கள்.

நிறுவனர் டாக்டர் வேதகிரி. புதுச்சேரியில் ஒரு ஓட்டல் ஹாலில், கறுப்பு அங்கி போர்த்தி, சதுரத் தொப்பி வைத்து, கௌரவ டாக்டர் பட்டம் பெற்று வந்தவர். தொப்பியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்களாம். அங்கி மட்டும் பாலித்தீன் உறைக்குள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தொங்கும். வெறுமனே ‘சார்’ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. ‘டாக்டர் சார்’ என்றால் உடனே கேட்கும். கீழே தீவனக் கடையும் மேலே டாக்டர் பலகையும் இருப்பதைப் பார்த்துவிட்டு, கழிச்சல் கண்ட கன்றுக்குட்டியோடு ஒருவர் மாடியேறி வந்ததும் உண்டு. டாக்டர் அவரிடம் ஒரு கோர்ஸில் சேரச் சொல்லிப் பேசிப் பார்த்தார் என்று கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

இளவரசி அங்கே வலைத்தளம் கட்டும் பி.எச்.பி. மொழி படிக்கச் சேர்ந்தவள். திருப்புலிவனத்துக்காரி. கணிதத்தில் பட்டம் வாங்கி இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு வருடத்தில் ஊரில் ‘இன்னா, வேல இன்னும் வரலியா?’ என்று கேட்காதவர்கள் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான். அதனால் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பி.எச்.பி. சொல்லிக்கொடுத்த சார் செங்கல்பட்டில் நல்ல சம்பளம் கிடைத்து, சாக்பீஸைக்கூட மேசைமேல் வைக்காமல் போய்விட்டார். டாக்டர் வேதகிரி வகுப்பை ஒரு நோட்டம் விட்டார். முதல் வரிசையில் இளவரசி இருந்தாள்.

“நாளையிலிருந்து இவரே நமது முதுநிலைப் பேராசிரியை” என்றார்.

அன்றிலிருந்து இளவரசி காலையில் போனில் வீடியோ பார்த்துப் படித்ததை மதியம் பலகையில் எழுதினாள். மாணவர்களைவிட எப்போதும் ஒரு பாடம் முன்னால் இருந்தாள். சில நாள் அரைப் பாடம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டருக்கு ஒரு சேதி வந்தது.

“வாலாஜாபாத்துல ஒரு சென்டர்ல, சர்டிபிகேட்டுல க்யூ.ஆர்.னு ஒரு கறுப்புக் கட்டம் போட்டுக் குடுக்கறானாம்மா. போனக் காட்டினா பேரு, கோர்ஸு, கிரேடு எல்லாம் வருதாம். நமக்கும் வேணும். நாளைக்கே வேணும்.”

“சார், நான் இன்னும் ஆறாவது பாடத்துலதான் கீறேன்.”

டாக்டருக்குக் கேட்கவில்லை.

“டாக்டர் சார், ஆறாவது பாடத்துலதான் கீறேன்.”

“ஆறு போதும்மா. என் பட்டத்துக்கே அஞ்சு பக்கந்தான் எழுதிக் குடுத்தேன்.”

ஆறாம் பாடம், ஒரு வலைப்பக்கத்தில் இருக்கும் விவரத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்பது. வலைப்பக்கங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே தளம், இரண்டாம் பக்கத்தில் ‘நீங்க யாரு?’ என்று கேட்கும். அதற்கு இருப்பதிலேயே சுலபமான வழியின் பெயர் கெட். பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, பெயர் சமம் இளவரசி, கோர்ஸ் சமம் பி.எச்.பி., கிரேடு சமம் ஏ ப்ளஸ் என்று எழுதிவிட்டால், அடுத்த பக்கம் அதைப் படித்துக்கொள்ளும். ஏழாம் பாடம் போஸ்ட், எட்டாவது டேட்டாபேஸ், ஒன்பதாவது செஷன். அவளுக்கு அப்போது ஆறு வரைக்கும்தான் தெரியும் என்பதால், அகாடமியின் சான்றிதழ் சரிபார்ப்புத் தளத்துக்கும் ஆறு வரைக்கும்தான் தெரிந்தது. முகவரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அழகான பூ ஓரத்துக்குள், டாக்டரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் காட்டியது. ‘இச்சான்றிதழ் உண்மையானது’ என்று அடியில் பச்சை எழுத்தில் சொன்னது. யார் கேட்டாலும் சொன்னது.

டாக்டர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பக்கத்தின் கீழே, ‘இதுவரை சான்றிதழ் பெற்றோர்’ என்று ஓர் எண் வேண்டும். இளவரசி போட்டாள். பக்கத்தை யார் திறந்தாலும் அந்த எண்ணில் ஒன்று கூடும். பிறகு தனக்கும் ஒரு சான்றிதழ் அடித்துத் தரச் சொல்லி, ‘டாக்டர் வேதகிரி, நிறுவனர், சிறப்புத் தகுதி’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு, லண்டன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

ஆறாம் பாடத்தோடே கோர்ஸின் காலம் முடிந்து பரீட்சை வந்தது. பழைய சார் விட்டுப்போன கேள்வித்தாளையே கொடுத்தார்கள். இளவரசியும் உட்கார்ந்து எழுதினாள். திருத்த ஆள் வேண்டும். முதுநிலைப் பேராசிரியை ஒருவர்தான் இருந்தார். ஆகவே எல்லோருடைய தாளையும் அவளே திருத்தினாள், தன்னுடையதையும் சேர்த்து. ஒன்பதாம் பாடத்துக் கேள்விக்கு அவள் எழுதியிருந்தது ஒப்பேற்றல். திருத்துகிறவள் அதை உடனே கண்டுபிடித்தாள். அதற்கு முட்டை. மொத்தத்தில் பி கிரேடு.

டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “பி, சி-னு போட்டுக்கினு கீறியே. அடுத்த பேட்சுக்கு யாரும்மா சேருவாங்க? எல்லாருக்கும் ஏ ப்ளஸ் போடு” என்றார். முகவரியில் கிரேடு சமம் ஏ ப்ளஸ் என்று மாற்றினால் ஆயிற்று. ஒரு நிமிட வேலை.

அந்த ஏ ப்ளஸ்ஸைத்தான் இளவரசி சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். கூடப் படித்த கதிர்வேலின் தாய்மாமன் மோகன் அங்கே வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்தார். பெயர் முதல் பட்டியலில் வந்துவிட்டது என்று கதிர்வேல் சொன்னதிலிருந்து அவளுடைய அம்மா தினமும் காலையில் ஒரே கேள்வி கேட்டாள். “சொல்லிடட்டா?” ஊருக்குத்தான். “இரும்மா” என்று இவளும் தினமும் சொன்னாள்.

கதிர்வேலுக்குக் கல்யாணம் வைத்தார்கள். காஞ்சிபுரம் சாலையில் மண்டபம். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பிளெக்ஸ் வைக்காவிட்டால் தாலி கட்டியதற்குச் சாட்சி இல்லாத மாதிரி. புலிமேல் உட்கார்ந்த மாப்பிள்ளை, விமானத்திலிருந்து இறங்கும் மாப்பிள்ளை என்று ஒவ்வொரு கோஷ்டியும் ஒன்று வைத்திருந்தது. நுழைவாயிலுக்கு நேராக இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. பத்தடி உயரச் சான்றிதழ். பூ ஓரம், அகாடமியின் முத்திரை, டாக்டர் வேதகிரியின் கையெழுத்து. நடுவில், ‘கதிர்வேல் — மனைவி சொல் தட்டாமைப் பட்டயப் படிப்பு — ஏ ப்ளஸ்’. மூலையில் கறுப்புக் கட்டம்.

இளவரசி போனைக் காட்டினாள். ‘இச்சான்றிதழ் உண்மையானது’ என்றது அவளுடைய தளம்.

“எப்டி கீது மிஸ்ஸு?” பின்னால் ஐசக் நின்றிருந்தான். பிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரன். இரண்டு வகுப்புக்கு மட்டும் வந்துவிட்டு நின்றுபோனவன். அந்த இரண்டு வகுப்பின் உரிமையில் இன்னும் மிஸ்ஸு.

“இது எப்டிடா?”

“லிங்க்குலயே பேரு கீதே. அத அயிச்சிட்டு கதிர்வேலுனு போட்டேன். கோர்ஸு எடத்துல இத்தப் போட்டேன். உன் சைட்டு ஒரு வார்த்த கேக்கல மிஸ்ஸு. சீல் குத்தி நீட்டிச்சி. எங்க நைனாவுக்கு ஒண்ணு போட்டேன், எங்க வூட்டு நாய்க்கு ஒண்ணு போட்டேன். நாய்க்கு டிப்ளமோ. அதுவும் ஏ ப்ளஸ்ஸு.”

“யார்னா பாத்தா?”

“பாத்தாவா? கல்யாணத்துக்கு வர்ற அத்தினி பேரும் ஸ்கேன் பண்ணிக்கினு கீறாங்க. அங்க பாரு.”

பிளெக்ஸுக்கு முன்னால் சின்னக் கூட்டமே இருந்தது. அதில் டாக்டர் வேதகிரியும் இருந்தார். இளவரசி அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவரோ கண் கலங்க நின்றிருந்தார்.

“பாத்தியாம்மா? நம்ம அகாடமி கல்யாண வாசலுக்கே வந்துடுச்சி. எண்ணப் பாரு, ஆயிரத்தத் தாண்டிடுச்சி! எனக்குத் தெரியாமலே ஆயிரம் பேர உருவாக்கிக்கினு கீறேன்.” கூட்டம் திரும்பிப் பார்த்ததும் குரலை மேடைக்கு மாற்றினார். “அடக்கத்தோடு சொல்கிறேன், இது என் ஒருவனுடைய சாதனை அல்ல.” அதில் பொய் இல்லை.

இட்லியும் பொங்கலும் போட்டுக்கொண்டிருந்த நாஷ்டா பந்தியில், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த வேட்டிக்காரர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கதிர்வேலின் தாய்மாமன் மோகன். ஐசக்கின் நாய்க்குக் கொடுத்த சான்றிதழ் அதற்குள் அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

“ஏம்மா, எங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணி கீறது நீதான? கதிரு சொன்னான்.”

“ஆமா சார்.”

“உன்னுதும் இந்தக் கடைதானா?”

இளவரசி சாம்பாரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“ஞாயித்துக்கெயமைக்குள்ள எல்லாத்தையும் அப்லோடு பண்ணிடு. திங்கக்கெயம என் டேபிளுக்கு வரும். ஸ்கேன் பண்ணிதான் பாப்பேன்.” அவர் மறுபடி நாயின் சான்றிதழைப் பார்த்தார். “நல்லாவே பாப்பேன்.”

இளவரசி பாதிப் பொங்கலோடு இலையை மூடினாள். தன் சான்றிதழும் அந்த நாயின் சான்றிதழும் ஒரே பக்கம், ஒரே கையெழுத்து, ஒரே பச்சை எழுத்து. எது நிஜம் என்று கேட்டால் அவளாலேயே காட்ட முடியாது. வேலை வரும் வழியில் அவளே ஒரு பள்ளம் தோண்டி, மேலே பூ ஓரமும் போட்டு வைத்திருந்தாள்.

மறுநாளே ஏழாம் பாடம் படித்தாள். போஸ்ட் என்றால் விவரம் முகவரியில் தெரியாது, உறைக்குள் போட்டது மாதிரி உள்ளே போகும். சந்தோஷப்பட்டாள். பாடத்தின் கடைசி வரி அந்தச் சந்தோஷத்தைத் தீர்த்தது. உறையை அனுப்புகிறவர் எழுதுவதுதான் உள்ளே இருக்கும். தெரியாமல் போவதும் மாற்ற முடியாமல் போவதும் ஒன்றல்ல. அது போக, கறுப்புக் கட்டத்தால் உறை அனுப்பவும் முடியாது. முகவரியை மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும்.

அடுத்து, எழுத்துகளை எல்லாம் கலைத்துப் போடும் ஒரு வித்தை கிடைத்தது. இளவரசி என்பது எம் நாற்பது கியூ ஏழு என்று என்னவோ மாதிரி ஆகும். டாக்டருக்கு அதைக் காட்டினாள். அவர் மயங்கிப்போனார். “ராணுவ ரகசியம் மாதிரி கீதேம்மா!” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். ஐசக்குக்கும் காட்டினார். ஐசக் அதை நகலெடுத்து, இலவசமாகப் பிரித்துக் காட்டும் ஒரு தளத்தில் ஒட்டினான். டீ ஆறுவதற்குள் பெயரும் கோர்ஸும் கிரேடும் தமிழில் வந்து நின்றன.

“கலைச்சா கலைச்சதுதான மிஸ்ஸு. பூட்டு எங்க போட்ட?”

அவன் சொன்னதை விட அவன் டீயை அவள் செலவில் குடித்ததுதான் வலித்தது.

எட்டும் ஒன்பதும் படிக்க மூன்று நாள் ஆனது. படித்து முடித்ததும் டாக்டரிடம் போனாள். அவர் மேசைமேல் அழைப்பிதழ் கட்டுகள். ஞாயிற்றுக்கிழமை அகாடமியில் விழா. ‘ஆயிரம் மாணவர்களை உருவாக்கிய கல்விச் செம்மல்’ என்ற பட்டம், ரைஸ் மில் அதிபர் விஜயராகவன் கையால். பட்டத்தின் வாசகத்தை டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார்.

“டாக்டர் சார், சைட்ட மாத்தணும்.”

“எதுக்கும்மா? நல்லாத்தான ஓடிக்கினு கீது.”

“யார் வேணா யாருக்கு வேணா சர்டிபிகேட் போட்டுக்கலாம். நம்ம பெருமாள் கோயில்ல செருப்பு உட்றோம் இல்ல? டோக்கன் குடுப்பாங்க. டோக்கன்ல நம்பர் மட்டும்தான் கீது. செருப்பு அவங்க கிட்ட, உள்ள. டோக்கன் மேல நான் ‘புது லெதர் செருப்பு’னு எயுதிக்கினு போனா குடுப்பாங்களா? நாம இப்போ அப்டித்தான் குடுத்துக்கினு கீறோம். கொண்டாந்தவன் இன்னா எயுதிக்கினு வந்தானோ அதான் செருப்பு. இனிமே பேரு, மார்க்கு எல்லாம் நம்ம கிட்ட, டேட்டாபேஸ்ல. வெளிய ஒரு நம்பர்தான் போவும். அதுவும் ஒண்ணு, ரெண்டுனு வரிசையா இல்லாம, யாரும் ஊகிக்க முடியாத நீட்டு நம்பர். நாம லாகின் பண்ணி உள்ள போறதும் அப்டித்தான். இப்போ லிங்க்குல ‘நிர்வாகி சமம் ஆமா’னு எயுதிக்கினு வர்றவன்லாம் நிர்வாகி. செஷன் போட்டா, யாரு லாகின் பண்ணாங்கனு சர்வரே ஞாபகம் வெச்சிக்கும். நம்ம கிட்ட டோக்கன் மட்டும்தான்.”

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். “அப்போ நம்ம இன்டர்நேஷனல் சர்வரு, செருப்பு ஸ்டாண்டுன்றே.”

“இல்ல டாக்டர் சார்—”

“அந்த ஆயிரம் இன்னா ஆவும்?”

“நிஜமா பரீட்ச எயுதினவங்க மட்டும் வருவாங்க டாக்டர் சார். அறுபது, அறுபத்தோரு பேரு.”

டாக்டர் ஒரு அழைப்பிதழை எடுத்து, ஆயிரம் என்ற சொல்லை விரலால் தடவிக் கொடுத்தார். “விழா முடியட்டும். திங்கக்கெயமைக்கு அப்பால பண்ணிக்கலாம்.”

“திங்கக்கெயம எனக்கு வேல போயிடும் டாக்டர் சார்.”

“உனக்கு வேலைக்கா பஞ்சம்? இங்கயே பேராசிரியை. அடுத்த வருஷம் நீயே துணைவேந்தர்.”

சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

சனிக்கிழமை டாக்டர் பந்தல்காரரோடு அலைந்துகொண்டிருந்தபோது, இளவரசி பீரோவிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்தாள். லாகின் பக்கத்துக்கு செஷன் போட்டாள். டேட்டாபேஸில் பெயர்களையும், தாளில் இருக்கிற கிரேடுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். தன் தாள் வந்தது. கிரேடு என்ற கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. விண்ணப்பத்தில் எழுதியிருந்தது ஏ ப்ளஸ். இங்கேயும் அதையே அடித்தால் இனி யாராலும் மாற்ற முடியாது. அவள் போட்ட பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு. ஒன்பதாம் பாடத்துக் கேள்விக்கு இப்போது அவளுக்கு விடை நன்றாகவே தெரியும். ஆனால் தாள் அன்றைக்கு எழுதியது.

பி என்று அடித்தாள். அடித்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானே போட்ட முட்டைமேல் தனக்கே இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

டாக்டர் வேதகிரியின் பெயரையும் தேடினாள். அவருக்குத் தாள் இல்லை.

தளத்தை மாற்றிவிட்டு அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள்: ‘டாக்டர் சார், சைட்டை மாற்றிவிட்டேன். பழைய கட்டங்கள் இனி வேலை செய்யாது. சுவரில் உள்ள உங்கள் சான்றிதழைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.’ உடனே பதில் வந்தது, கும்பிடுகிற கை ஒன்று. விழா வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் அதே கையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டத்தோடு தன் சான்றிதழை அச்செடுத்து நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினாள். அதில் பி என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி நிரம்பி வழிந்தது. டாக்டர் அங்கியைப் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அதில் பாதி மடிப்பு அப்படியே இருந்தது. விஜயராகவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே கறுப்புக் கட்டத்தைக் கண்டாலும் போனை நீட்டிவிடுவார். டீக்கடையில் குடிப்பதற்கு முன்பே நீட்டுவார். மேடையேறியவருக்குச் சுவரில் கண்ணாடிச் சட்டம் கண்ணில் பட்டது.

“அட, நம்ம டாக்டருக்கும் கட்டம் கீதா? பெரிய திரையிலயே போட்ருவோம்.”

அவருடைய போனைத் திரையோடு ஐசக் இணைத்துவிட்டான். அந்த வேலைக்கு அவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். திரையில் பூ ஓரம் வந்தது. கையெழுத்து வரவில்லை. நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது:

‘இப்படி ஒரு சான்றிதழ் எங்கள் பதிவில் இல்லை.’

அதற்குக் கீழே, ‘இதுவரை சான்றிதழ் பெற்றோர்: 61’.

இளவரசி தூண் ஓரமாக ஒதுங்கினாள். டாக்டர் திரையைப் பார்த்தார், அழைப்பிதழைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“அன்புப் பெரியோர்களே! இதைக் காட்டத்தான் உங்களை அழைத்தேன். இதுவே எமது அகாடமியின் புதிய பாதுகாப்பு! நிறுவனரே ஆனாலும், டாக்டரே ஆனாலும், பரீட்சை எழுதாமல் உள்ளே நுழைய முடியாது! இந்தியாவில் இப்படி நேர்மையாகத் தன்னையே வெளியே தள்ளிய நிறுவனர் வேறு யாராவது உண்டா?”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு விஜயராகவன் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

“அப்போ அந்த அறுபத்தொண்ணு?” என்று ஐசக் குரல் கொடுத்தான்.

“இன்று காலையிலிருந்து மட்டும்” என்றார் டாக்டர், கண் இமைக்காமல்.

கல்விச் செம்மல் பட்டமும் சால்வையும் வாங்கிக்கொண்டு, கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் அவர் தூண் பக்கம் வந்தார். அங்கிக்குள் வேர்த்து வழிந்தது. தமிழும் இறங்கிவிட்டது.

“இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? ஒரே பேஜாராப் போச்சே!”

“ஒன்பதாவது பாடம் சார்.”

இந்த முறை டாக்டருக்கு வெறும் சாரும் கேட்டது. “ஆறுலயே நிறுத்தியிருக்கலாம் நீ” என்றார்.

திங்கட்கிழமை மதியம் மோகன் கூப்பிட்டார். இளவரசி கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா, விண்ணப்பத்துல ஏ ப்ளஸ்னு கீது. ஸ்கேன் பண்ணா பி வருது. கிரேட மாத்தி உள்ள போவப் பாத்தேன், முடியல. நம்பர மாத்திப் பாத்தேன், இல்லன்னுது. நாயிக்குப் போட்டதயும் பாத்தேன், அதுவும் இல்லன்னுது. இன்னா நடந்துச்சி?”

“பி தான் சார் நிஜம். ஒன்பதாவது பாடம், செஷன்ல முட்ட. ஏ ப்ளஸ் எல்லாருக்கும் போட்டது. தப்புத்தான்.”

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் ஏறவில்லை.

“இன்னிக்கி என் டேபிள்ல எத்தினியோ ஊர் சென்டர் சர்டிபிகேட்டு கீது. எல்லாமே ஏ ப்ளஸ். உன்னுது ஒண்ணுதான் பி. யாரோ உக்காந்து ஒயுங்கா திருத்தி கீறாங்கனு தெரிது. யாரு திருத்துனது?”

இளவரசி பொய் சொல்ல இடம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். இல்லை.

“நான்தான் சார்.”

“உன் தாள நீயேவா?”

“வேற ஆள் இல்ல சார்.”

“அந்த சைட்டயும் நீதான் பூட்டுனியா?”

“மொதல்ல தொறந்து வெச்சதும் நான்தான் சார்.”

மோகன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பக்கத்தில் யாரிடமோ எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். பிறகு லைனுக்கு வந்தார்.

“ஏ ப்ளஸ்னு எயுதினதுக்கு ஒரு கடுதாசி எயுதிக்கினு வா, அதுக்குத் தனியா திட்டு கீது. வியாயக்கெயம பத்து மணிக்கு இன்டர்வியூ. ஒன்பதாவது பாடத்துலதான் கேப்பாங்க.”

அன்றைக்குச் சாயந்திரம் அம்மா வழக்கம்போல “சொல்லிடட்டா?” என்றாள். “வெள்ளிக்கெயம சொல்லு” என்றாள் இளவரசி. வெள்ளிக்கிழமை அம்மா சொன்னாள். திருப்புலிவனத்தில் ஒரு வீடு பாக்கியில்லை.

அடுத்த வாரம் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் ஏறியது. அங்கி போட்ட டாக்டர் வேதகிரி வலது பக்கம் பெரிதாக. இடது பக்கம் இளவரசி, அவளுடைய காலேஜ் அடையாள அட்டைப் படத்தில், சின்னதாக. ‘எமது மாணவி, எமது உருவாக்கம், சிறுசேரியில் பணி! பி.எச்.பி.யில் ஏ ப்ளஸ்!’ என்று நடுவில். மூலையில் அவளுடைய புதுக் கட்டத்தை ஐசக் மறக்காமல் போட்டிருந்தான்.

அதற்கு நேராகப் போனை நீட்டினால் பி என்று வரும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பிளெக்ஸை அண்ணாந்து படித்துவிட்டு, ஏ ப்ளஸ்ஸாமே என்று பேசிக்கொண்டார்கள். போனை நீட்டியவர் விஜயராகவன் ஒருவர்தான். அவரும் டாக்டரிடம் போய்க் கேட்டார். ப்ளஸ் எல்லாம் போக மிஞ்சியது அது என்று டாக்டர் விளக்கம் சொன்னாராம்.